கூரை இல்லாத பட்டி

முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். 2024 நவம்பர், இரண்டாவது வாரம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. சமையலறை ஜன்னலுக்கு நேரே ஓக் மரங்களுக்குக் கீழே ஒரு செவலைக் கன்றுக்குட்டி நடந்து போவது போல இருந்தது. இங்கே ஏது கன்றுக்குட்டி என்று யோசிப்பதற்குள் வால் கண்ணில் பட்டது. உடம்பு நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும், கயிறு கட்டித் தொங்கவிட்டது போல் கனத்து இறங்கி நுனியில் மேல்நோக்கி வளைந்த வால். அது அவசரப்படவில்லை. வேலியோரமாக நடந்து, ஓடைப் பக்கம் இறங்கி மறைந்தது. கையில் இருந்த தட்டைக் குழாயடியில் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது.

மவுண்டன் லயன். மலைச் சிங்கம் என்று மொழிபெயர்த்தால் பிடரியும் கர்ஜனையும் நினைவுக்கு வரும். அது இரண்டும் இதற்குக் கிடையாது. பூமா, கூகர், ஃப்ளோரிடா பக்கம் பேந்தர், எல்லாம் இதே பூனைதான். எங்கள் வீடு கலிஃபோர்னியாவில் எல் டொராடோ கவுண்டியில், சியரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கிறது. வேலை ஃபோல்சமில். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும், ஊர்ப்புறமாக ஒரு இடம் வேண்டும் என்கிற பழைய ஆசை தலைதூக்க, 2021-ல் ஐந்து ஏக்கரோடு ஒரு பழைய வீட்டை வாங்கினோம். நான் காங்கேயம் பக்கத்துக்காரன். கொறங்காடு என்கிற எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள் செம்மறி மேய்வதைப் பார்த்து வளர்ந்தவன். ஆடு வளர்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் முதல் அடி விழுந்தது.

ஏழு ஆடுகள். நைஜீரியன் ட்வார்ஃப் என்று ஒரு குள்ள ரகம், பெரிய நாய் அளவுதான் வளரும். நான்கு வயது மகள் பெயர் வைத்ததால் எல்லாமே தின்பண்டங்கள்: ஜாங்கிரி, முறுக்கு, அதிரசம், லட்டு, சீடை, தட்டை, எள்ளுருண்டை. ஐந்தடி உயரக் கம்பி வலை அடித்து ஒரு பட்டி, அதற்குள் மழைக்கு ஒதுங்க முன்பக்கம் திறந்த ஒரு மரக் கொட்டகை. பட்டி போட்டபோது வலை விற்ற கடைக்காரர், மேலேயும் மூடிவிடுங்கள், கூடுதலாக 900 டாலர் ஆகும் என்றார். எங்கள் ஊரில் எந்தப் பட்டிக்குக் கூரை இருக்கிறது? வேண்டாம் என்று சொல்லி, பணம் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

பார்த்ததை அக்கம்பக்கத்தில் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வாசல் கேமராவில் பதிவாகி மவுண்டன் லயன் என்று பரபரப்பாகிறவற்றில் பலவும் பாப்கேட் என்கிற சின்னக் காட்டுப் பூனையாகவோ, சில சமயம் கொழுத்த வீட்டுப் பூனையாகவோதான் இருக்கும். அளவை நம்பாதீர்கள், அந்தி வெளிச்சத்தில் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும். வாலைப் பாருங்கள். பாப்கேட்டின் வால் வெட்டிவிட்டது போல ஒரு சாண்கூட இருக்காது. உடம்பில் புள்ளியும் தெரியும். வளர்ந்த மவுண்டன் லயனுக்குப் புள்ளி கிடையாது, குட்டிக்குத்தான் உண்டு. வால் தெரியாவிட்டால் மறுநாள் காலையில் தடம் தேடுங்கள். நாய்த் தடத்தில் நகம் பதிந்திருக்கும், இது நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் பெரும்பாலும் பதியாது. உள்ளங்காலின் பின்விளிம்பு மூன்று மேடாகத் தெரியும். முழுத் தடத்தின் அகலம் மூன்று அங்குலத்துக்கு மேல். ஓடைக்கரை ஈர மண்ணில் நான் பார்த்த தடத்தின்மேல் என் உள்ளங்கையை வைத்தேன், விரல்களை விட்டுவிட்டால் ஏறக்குறைய சரியாகப் பொருந்தியது. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் போட்டோ எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் செய்தவை எல்லாம் எனக்காகச் செய்துகொண்டவை. மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்று மனைவியும் மகளும் கோயம்புத்தூர் போயிருந்தார்கள். ஐந்து வாரம் நான் தனி. அழுத்தினால் காது கிழிகிற ஹாரன், கரடிக்கு அடிக்கும் மிளகு ஸ்ப்ரே, விலங்கு குறுக்கே வந்தால் தானே படம் எடுக்கிற இரண்டு டிரெயில் கேமரா என்று 410 டாலருக்கு வாங்கிக் குவித்தேன். தபால் பெட்டி வரை நடக்கிற முந்நூறு அடிக்குக் காரை எடுத்தேன். சிரிக்காதீர்கள், அந்த வருடம் எங்கள் கவுண்டியில் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. மார்ச் மாதம் ஜார்ஜ்டவுன் பக்கம், மான்கள் உதிர்க்கும் கொம்புகளைத் தேடிப் போன அண்ணன் தம்பி இருவர்மீது மவுண்டன் லயன் பாய்ந்தது. 21 வயதுப் பையன் இறந்துவிட்டான், 18 வயதுத் தம்பி முகத்தில் காயத்தோடு தப்பினான். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டம்தான். கலிஃபோர்னியாவில் 2004-க்குப் பிறகு இந்த விலங்கால் நடந்த முதல் மரணம் அது. இருபது வருடத்தில் ஒன்று என்பது அறிவுக்குப் புரிகிறது. இருட்டில் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அறிவா கூட வருகிறது?

எதிரே பட்டால் செய்ய வேண்டியதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடக்கூடாது, ஓடுவதைத் துரத்துவது பூனையின் பிறவிக் குணம். குனியக்கூடாது, உட்காரக்கூடாது. முதுகைக் காட்டாமல், கண்ணை எடுக்காமல், கைகளை உயர்த்தி, சட்டையை விரித்து, பெரிய உருவமாகத் தெரிய வேண்டும். சத்தம் போட வேண்டும். குழந்தை கூட இருந்தால் முதலில் தூக்கிக்கொள்ளுங்கள், அதையும் முடிந்தவரை குனியாமல். மேலே விழுந்துவிட்டால் திருப்பி அடிப்பதுதான் வழி. செத்தது போலக் கிடப்பது இதனிடம் உதவாது. இதையெல்லாம் நான் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். பட்டிப் பக்கம் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது என்னைத் தேடி வரவில்லை என்று எனக்கு உறைக்கவே இல்லை.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, தீவனத் தட்டைத் தட்டினால் முண்டியடித்துக்கொண்டு வருகிறவை கொட்டகை மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. எண்ணினால் ஆறு. அதிரசத்தைக் காணோம். வேலி எங்கும் அறுபடவில்லை, கதவு பூட்டியபடி இருந்தது. வடக்குப் பக்கம் வலையின் மேல்விளிம்பில் ஒரு கொத்து வெள்ளை முடி. அங்கிருந்து புல்லில், மூட்டையை இழுத்துக்கொண்டு போனது போல ஒரு கோடு. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். நூறு அடி தள்ளி, மான்சனீட்டா புதருக்குக் கீழே ஓக் சருகும் மண்ணும் சேர்த்துக் குவித்த ஒரு மேடு. அதிலிருந்து ஒரு குளம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நாய்தான் என்று முதலில் நினைத்தேன். எங்கள் ஊரில் இப்போது ஆடு வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் போனதே தெருநாய்களால்தான். அப்பாவுக்கு வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கழுத்தப் பாத்தியா சாமி?" என்பதுதான். பார்த்தேன். பிடரிக்குக் கீழே நான்கு துளை, மற்றபடி கழுத்தில் பெரிய கிழிசல் இல்லை. விலா எலும்புக்குப் பின்னால் மட்டும் திறந்து ஈரலையும் இருதயத்தையும் தின்றிருந்தது. இரைப்பையை வெளியே எடுத்துத் தனியாகப் போட்டிருந்தது. "நாய் கடிச்சா தொடையும் காதும் நார்நாராத் தொங்கும். இது நாயில்லீடா. வேல தெரிஞ்சது செஞ்சிருக்குது" என்றார். எட்டாயிரம் மைலுக்கும் அப்பால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னதைத்தான் பிறகு வந்த அதிகாரியும் சொன்னார்.

அடுத்து நான் செய்ததுதான் இந்தக் கதையிலேயே பெரிய தவறு. மகள் திரும்பி வந்தால் கண்ணில் படக்கூடாது என்று, யாருக்கும் சொல்லாமல், அதிரசத்தைக் குப்பைப் பையில் கட்டி ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். நிலம் கல்லாக இருந்தது, இரண்டு மணி நேரம் ஆனது. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மவுண்டன் லயன் அடித்ததைச் சருகு போட்டு மூடி வைப்பது, மறுபடி வந்து தின்பதற்காக. இரண்டு மூன்று இரவு வரை திரும்பி வரும். அன்றிரவும் வந்திருக்கும். வைத்த இடத்தில் சாப்பாடு இல்லை. நூறு அடியில் கூரை இல்லாத பட்டியில் ஆறு ஆடு. இது என் ஊகம்தான், ஆனால் வேறு மாதிரி என்னால் நினைக்க முடியவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் சடலத்தை நகர்த்தாதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் கல் வைத்து, அளவு தெரிய ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, மாநில மீன், வனவிலங்குத் துறைக்கு அன்றைக்கே சொல்லுங்கள். இணையத்தில் வனவிலங்குச் சம்பவப் படிவம் இருக்கிறது, பத்து நிமிட வேலை. உயிரோடு மிச்சம் இருப்பவற்றை அன்றிரவு நான்கு சுவரும் கூரையும் உள்ள இடத்தில் அடையுங்கள். எனக்குக் கார் நிறுத்தும் கராஜ் இருந்தது. தரை நாறிவிடுமே என்று நினைத்தேன்.

அதற்குப் பதிலாகப் பட்டியில் விளக்கைப் போட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, ஹாரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன். இரண்டு இருபதுக்கு விழிப்பு வந்தது. ஆடு கத்தி விழிக்கவில்லை, ஏதோ வலையில் மோதி மோதி அதிர்கிற சத்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடக்கூடாது என்று ஒத்திகை பார்த்தவன்தான். ரேடியோவில் யாரோ கார் விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் பட்டதும் பட்டிக்குள் இரண்டு கண்கள் பச்சையாக எரிந்தன. தரையில் நான்கு வெள்ளை உருவங்கள். நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை, தமிழில்தான் கத்தியிருப்பேன். அது என்னை ஒரு முறை பார்த்தது. அதில் கோபமோ பயமோ தெரியவில்லை. வேலை நேரத்தில் யாரோ குறுக்கே வந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. அப்புறம் நின்ற இடத்திலிருந்தே எழும்பியது. ஐந்தடி வேலிக்கு மேலே இன்னும் பாதி உயரம் காலியாக இருந்தது. சத்தமே இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. பதினைந்தடி உயரம்கூட எகிறும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

லட்டு, சீடை, தட்டை, எள்ளுருண்டை நான்கும் போயிருந்தன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. பசிக்கு ஒன்று போதுமே, ஏன் நான்கு என்கிற கேள்வி பல நாள் என்னை அரித்தது. வெறி பிடித்த மிருகம் என்று அன்றைக்குத் திட்டினேன். காட்டில் ஒரு மானை அடித்தால் மற்ற மான்கள் சிதறி ஓடிவிடும், அதோடு வேட்டை முடிந்துவிடும். அடைத்த பட்டியில் ஓட இடமில்லை, கண் முன்னே துள்ளிக்கொண்டே இருக்கின்றன, ஓடுவதைப் பிடிக்கிற குணம் அடங்குவதே இல்லை. கோழிக்கூண்டில் நுழைந்த நரியும் இதைத்தான் செய்யும். பாதுகாப்பு என்று நான் கட்டியது தப்பிக்க முடியாத ஒரு பெட்டி, மேல்மூடி மட்டும் இல்லாத பெட்டி. முறுக்குக்குத் தோளில் கிழிசல், ரத்தம் நிற்கவில்லை. ஜாங்கிரிக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் மூன்று நாள் தண்ணீர் குடிக்கவில்லை. முறுக்கை மனைவியின் பழைய சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். கராஜ் தரை நாறுமே என்று கவலைப்பட்டவன் வீட்டுத் தரையில்.

அவசரத்துக்கு 911 கூப்பிட்டேன். மனிதர்களுக்கு ஆபத்து இல்லை, அது போய்விட்டது என்றால், உள்ளேயே இருங்கள், காலையில் வனவிலங்குத் துறையிடம் சொல்லுங்கள் என்றார்கள். நியாயம்தான். மறுநாள் முற்பகல் அதிகாரி வந்தார். கழுத்துத் தோலை உரித்துப் பல் இறங்கிய இடத்தின் கன்றலையும், இரண்டு கோரைப்பல் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் அளந்தார். முதல் ஆடு எங்கே என்று கேட்டார். புதைத்துவிட்டேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் அன்றைக்கு அதிகமாக வலித்தது.

அப்புறம் மவுண்டன் லயனைக் கொல்வதற்கான அனுமதிச் சீட்டு பற்றிச் சொன்னார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யோசிக்க நேரமே இல்லாத நிலையில் இந்த முடிவு உங்கள் தலையில் வந்து விழும். ஒரு காலத்தில் கலிஃபோர்னியா இதைக் கொன்றுவந்தால் பரிசுப் பணம் கொடுத்தது. 1907-லிருந்து 1963 வரை. 1972-ல் வேட்டைக்குத் தற்காலிகத் தடை வந்தது. 1990-ல் மக்கள் வாக்களித்து, 117-ஆம் முன்மொழிவு மூலம் இதைச் சிறப்புப் பாதுகாப்பு பெற்ற விலங்காக்கினார்கள். அதே சட்டம், கால்நடையைக் கொன்றது மவுண்டன் லயன்தான் என்று உறுதியானால், இழந்தவர் கேட்கும்போது அதைக் கொல்ல அனுமதி தரவும் இடம் வைத்திருக்கிறது. பத்து நாள்தான் செல்லும், சம்பவ இடத்திலிருந்து ஒரு மைலுக்குள் தேடலைத் தொடங்க வேண்டும். நெடுஞ்சாலைகளுக்கு நடுவே சிக்கி எண்ணிக்கை குறைந்துபோன சாண்டா மோனிகா மலை போன்ற தெற்குப் பகுதிகளில் 2017 இறுதியிலிருந்து நடைமுறை வேறு. முதல் இரண்டு தடவை விரட்ட மட்டும்தான் அனுமதி, பட்டியைச் சரிசெய்தும் மறுபடி நடந்தால்தான் அடுத்த பேச்சு. எங்கள் சியரா அடிவாரத்தில் அந்தப் படிகள் இல்லை. கேட்டால் கிடைக்கும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பூங்காவில் பத்து வருடம் தனியாக வாழ்ந்த பி-22 என்கிற மவுண்டன் லயன் 2022 டிசம்பரில் இறந்தபோது, அதற்கு நினைவுக் கூட்டமே நடத்தினார்கள். எனக்கும் அந்தச் செய்தியைப் படித்துக் கண் கலங்கியது. அப்போது எனக்கு ஏழு ஆடும் இருந்தன. மலையில் ஆடு மேய்க்கிறவனிடம் கேட்டால் வேறு கதை சொல்வான் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். "புடிச்சுக் காட்டுல கொண்டுபோய் உட மாட்டாங்களா?" என்றார். 2022 ஜனவரியில் அவிநாசிப் பக்கம் வந்த சிறுத்தையை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது அவருக்கு ஞாபகம். இங்கே ஆடு அடித்ததை அப்படிக் கொண்டுபோய் விடுவதில்லை என்றேன். போகிற இடம் ஏற்கெனவே இன்னொன்றின் எல்லையாக இருக்கும், சண்டையில் ஒன்று சாகும், அல்லது அங்கே போய் இன்னொருவர் ஆட்டை அடிக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் செம்மறி வைத்திருக்கும் பெரியவர் கண்ணாடிக் கதவைத் தட்டி, கையெழுத்துப் போடு, இன்றைக்கே போடு என்றார். நான் போடவில்லை. கருணை என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில் பாதிக் காரணம், துப்பாக்கியோடும் நாய்களோடும் ஆட்கள் வந்து நிற்கிற காட்சியைத் தனியாக இருந்து பார்க்கத் திராணி இல்லாதது. மீதி, அதிகாரி போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்: இது போனால் காலியாகிற எல்லைக்கு இன்னொன்று வரும், உங்கள் பட்டி இதே மாதிரிதான் இருக்கும்.

இனி பணம். செத்த ஐந்து ஆடு, ஒன்று 350 டாலர் வீதம் 1,750. முறுக்குக்குத் தையல், மருந்து, மருத்துவர் கட்டணம் 680. வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டேன். வளர்ப்புக் கால்நடையை வனவிலங்கு கொல்வது பாலிசியில் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மாநில அரசு ஓநாயால் கால்நடை இழந்தவர்களுக்கு நஷ்டஈட்டுத் திட்டம் வைத்திருக்கிறது, மவுண்டன் லயனுக்கு அப்படி எதுவும் இல்லை. கூரை போட ஒரு வேலி ஒப்பந்ததாரரைப் பிடித்தேன். அவசரத்தில் உரிம எண்ணைக்கூடக் கேட்கவில்லை, அவர் கேட்ட 1,200 டாலரை முன்பணமாகக் கொடுத்தேன். நான்கு குழி தோண்டிவிட்டுப் போனவர் அப்புறம் போனை எடுக்கவே இல்லை. கலிஃபோர்னியாவில் இந்த மாதிரி வீட்டு வேலை ஒப்பந்தத்துக்கு முன்பணமாக மொத்தத்தில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதற்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது என்பதை அந்தப் பணம் போன பிறகுதான் படித்தேன். ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் தளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. கூரைப் பட்டிக்கான பொருட்கள் 3,400, விளக்குகள் 350, நாய்க்குட்டி 600. ஆரம்பத்தில் எனக்காக வாங்கிய 410-ஐயும் சேர்த்தால் 8,390 டாலர். ஆறு நாள் விடுப்பு தனி. அன்றைக்கு 900 டாலர் மிச்சம் பிடித்தேன் என்று சொன்னேன் அல்லவா?

பட்டியை நானே கட்டினேன். முதலில் மேலேயும் கம்பி வலையை விரித்துக் கட்டிவிட்டேன். பிப்ரவரியில் ஒரு நாள் ஈரப்பனி கொட்டி, வலைமேல் அப்படியே தங்கி, காலையில் பார்த்தால் தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பனி விழுகிற இடமென்றால் சரிவாகத் தகரக் கூரைதான் போட வேண்டும். ராத்திரி அடைக்கிற இடம் சிறியதாக இருந்தால் போதும், மேய்கிற இடம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. நான் இதைப் புரிந்துகொள்ளாமல் முழுப் பட்டிக்கும் கணக்குப் போட்டு மலைத்துப்போய்த்தான் ஒப்பந்ததாரரிடம் போனேன். பொழுது சாய்வதற்கு முன்னால் அடைத்து, நன்றாக விடிந்த பிறகு திறங்கள். அதன் நடமாட்டம் பெரும்பாலும் அந்திக்கும் விடியலுக்கும் இடையில்தான். விளக்கு என்றால் ஒரே இடத்தில் எரிந்துகொண்டே இருக்கிற விளக்கு பயன்படாது, அதை என் ராத்திரியே காட்டிவிட்டது. ஃபாக்ஸ்லைட் என்று ஒன்று, ஒழுங்கே இல்லாமல் பல நிறத்தில் மின்னும், யாரோ டார்ச்சோடு நடக்கிற மாதிரி இருக்கும். அதையும் சில நாளுக்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழகிவிடும். காவலுக்கு கிரேட் பிரனீஸ் என்கிற ரக நாய்க்குட்டி வாங்கியிருக்கிறோம். உருப்படியாகக் காவல் காக்க அதற்கு ஒன்றரை, இரண்டு வயதாக வேண்டும் என்கிறார்கள். இப்போதைக்கு என் செருப்பைத்தான் காக்கிறது.

இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று, வீட்டுக்குப் பின்னால் மான்களுக்கு ஆப்பிள் தோலும் வாடிய காய்கறியும் போட்டுக்கொண்டிருந்தேன். கலிஃபோர்னியாவில் மானுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். இந்தப் பூனையின் முக்கிய உணவே மான். அதன் பின்னால்தான் இது வருகிறது. ஆக விருந்தாளியைப் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டது நான். பட்டியைச் சுற்றிப் பதுங்கி வர வசதியாக மான்சனீட்டா புதரையும் வளர விட்டிருந்தேன். காட்டுத்தீ விதிப்படி வீட்டைச் சுற்றி நூறு அடிக்குப் புதரைக் குறைக்க வேண்டும் என்று இருக்கிறது, அதையும் மூன்று வருடமாகத் தள்ளிப் போட்டிருந்தேன். டிசம்பரில் நான்கு சனி ஞாயிறு வெட்டினேன். அந்த ஒரே வேலையில் தீக்கும் பூனைக்கும் சேர்த்துப் பதில்.

டிசம்பர் கடைசியில் மனைவியும் மகளும் திரும்பி வந்தார்கள். ஐந்து பேரும் எங்கே என்று மகள் கேட்டாள். காட்டுப் பூனை கொண்டுபோய்விட்டது என்று சொன்னேன். அதுக்குப் பசியா என்றாள். ஆமாம் என்றேன், அதில் நான்கைத் தின்னவே இல்லை என்பதைச் சொல்லவில்லை. அதே வாரம் ஓடைக்கு அந்தப் பக்கம் பெரியவரின் பெண்ணாடு ஒன்று போனது. அவர் அனுமதி வாங்கினார். வேட்டை நாய்கள் இரண்டாம் நாள் அதை மரத்தில் ஏற்றின. பெண், எண்பது பவுண்டு இருக்கும் என்றார்கள். துப்பாக்கிச் சத்தம் ஒன்றுதான் கேட்டது, நான் அப்போது ஒரு மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். நீ அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் என் ஆடு இருந்திருக்கும் என்று பெரியவர் தபால் பெட்டியருகே சொன்னார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. எதிரே கார் வரும்போது முன்பெல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார், இப்போது தூக்குவதில்லை.

தகரக் கூரை போட்டு முடித்தது மார்ச் முதல் வாரம். மூன்றாம் வாரம் டிரெயில் கேமராவில் இன்னொன்று வந்தது. முந்தையதைவிடப் பெரிது, கழுத்து தடிமனாக இருந்தது. விடிகாலை மூன்று நாற்பத்தேழு. பட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, வடக்குப் பக்கம், அதிரசத்தின் முடி ஒட்டியிருந்த அதே இடத்தில் உட்கார்ந்தது. பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தது. உள்ளே முறுக்கின் கண்ணும் ஜாங்கிரியின் கண்ணும் நான்கு புள்ளியாக மின்னிக்கொண்டிருந்தன. அப்புறம் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு ஓடைப் பக்கம் போனது. வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அந்தத் தகரத்துக்கு ஆணி அடிச்சியா, திருகாணி போட்டியா?"

"திருகாணிதானுங்கப்பா."